கல்வராயன் முகட்டில் கோடை மழை

சித்திரை, வைகாசியில் இமயமலை ஏறுகிறவர்கள் விடிவதற்கு முன்பே நடக்கத் தொடங்கிவிடுவார்கள். இரவுக் குளிரில் இறுகிக் கிடக்கும் பனி, வெயில் ஏறினால் இளகிக் காலை உள்ளே வாங்கும். கல்வராயன் மலையில் அந்தப் பனி கிடையாது. பெரும்பாலும் 600 முதல் 1,200 மீட்டர் உயரம்தான். ஆனாலும் அதே மாதங்களில் இங்கேயும் மதியத்துக்குள் முகட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். இங்கே காரணம் கோடை இடிமழை.

காலையில் வானம் வெறிச்சோடி இருக்கும். தரை சூடேற ஏற, ஈரக்காற்று சரிவில் மேலெழுந்து மதியத்துக்கு மேல் கருமேகமாகத் திரளும். அப்போது வெட்ட வெளி முகட்டில் நிற்கிற ஆள்தான் அக்கம்பக்கத்தில் உயரமான பொருள். மின்னல் கண்ணில் பட்டதும் எண்ணுங்கள்: இடியோசை ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 விநாடி. 30 எண்ணுவதற்குள் கேட்டுவிட்டால் காத்திருக்காமல் இறங்குங்கள். தனிமரத்தடியும் பாறை இடுக்கும் ஒதுங்குகிற இடங்கள் அல்ல. ஒரே இடத்தில் கூடி நிற்கவும் கூடாது. மின்னல் தரையில் பரவி எல்லோரையும் ஒருசேரத் தாக்கலாம். இறங்க வழியே இல்லையென்றால் பாதங்களை ஒட்டி வைத்துக் குந்துங்கள். கால் அகட்டி நின்றால் இரு பாதங்களுக்கும் இடையே மின்னழுத்தம் வேறுபட்டு, மின்சாரம் உடல் வழியே பாயும். குந்துவதும் முழுப் பாதுகாப்பு இல்லை, ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் மின்னலைவிட ஓடைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். மின்னலுக்கு எல்லோரும் பயப்படுவார்கள். ஓடைக்கு யாரும் பயப்படுவதில்லை. கோமுகி அணைக்குத் தண்ணீர் கொண்டுவரும் காட்டோடைகளைக் காலையில் கணுக்கால் நனையத் தாண்டியிருப்பீர்கள். மேலே ஒரு மணி நேரம் மழை கொட்டினால் போதும், நீங்கள் நிற்கிற இடத்தில் ஒரு துளிகூட விழாமலே வெள்ளம் வந்துவிடும். வருவதற்கு முன் சில நேரம் அடையாளம் தெரியும்: தெளிந்த நீர் செம்மண் நிறமாகும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் கனக்கும். அப்போது கரையேறிக் காத்திருக்க வேண்டும். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடுகிற நீரில் இறங்கவே கூடாது. சின்ன ஓடை பெருகுகிற வேகத்தில் வடிந்தும் விடும். மேகம் அருவி, பெரியார் அருவிப் பக்கம் போனாலும் இதே கதைதான்.

முதல் மழையில் வழுக்குவது பாசி மட்டும் இல்லை. கோடையில் உதிர்ந்த சருகு நனைந்து, அடியில் கிடக்கும் உருட்டுக் கல்லை மூடிவிடும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் கால் இடறும். குச்சியால் தட்டிப் பார்த்து, அடியைச் சின்னதாக வையுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், காயாது. முகட்டுக் காற்றில் ஈரத்துணியோடு நின்றால் சித்திரையிலும் உடம்பு நடுங்கும்.

வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நடக்க முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ 23 உயிர்களைக் குடித்தபின் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. அனுமதி கேட்கும்போதே, பாதையில் எத்தனை ஓடை குறுக்கிடுகிறது என்றும் விசாரித்துவிடுங்கள்.