கோளறிவியல் தரவுக் காப்பகங்களைப் பயன்படுத்துதல்

நிலவு, கோள்கள், சிறுகோள்கள் ஆகியவற்றை ஆராயும் விண்கலங்கள் அனுப்பும் படங்களும் அளவீடுகளும் சில மாதங்களுக்குப் பின் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்படுகின்றன. அவற்றைச் சேமித்து, வகைப்படுத்தி, இலவசமாக வழங்கும் அமைப்புகளே கோளறிவியல் தரவுக் காப்பகங்கள். சொந்தத் தொலைநோக்கியோ ஆய்வுக்கூடமோ இல்லாத மாணவரும் இவற்றைக் கொண்டு உண்மையான ஆய்வில் ஈடுபடலாம்.

வேலூர் வட்டாரத்தவருக்கு வானியல் என்றதும் நினைவுக்கு வருவது காவலூர். காட்பாடிக்குத் தென்மேற்கே, வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறும் ஜவ்வாது மலையில் உள்ள வைணு பாப்பு வான்காணகத்தில் 1988-இல் ஆர். ராஜமோகன் கண்டறிந்த சிறுகோள், கணிதமேதையின் பெயரால் 4130 ராமானுஜன் என்று அழைக்கப்படுகிறது. அதன் சுற்றுப்பாதை விவரங்களைச் சிறுகோள் மையத்தின் தரவுத்தளத்தில் இன்று எவரும் பார்க்கலாம். பல வான்காணகங்கள் பல ஆண்டுகள் எடுத்த அளவீடுகள் அங்கே ஒன்றுசேர்ந்துள்ளன. மழைக்காலத்தில் காவலூரில் வானம் மூடிக்கொள்ளும். காப்பகத்துக்கு அந்தத் தடை இல்லை.

முக்கியக் காப்பகங்கள்

நாசாவின் கோளியல் தரவு அமைப்பு (பி.டி.எஸ்.) இவற்றில் பெரியது. நிலவியல், வளிமண்டலம், வளையங்கள், சிறுபொருட்கள் எனத் துறைவாரியான பிரிவுகளாக அது இயங்குகிறது. ஐரோப்பிய, ஜப்பானிய விண்வெளி முகமைகளுக்கும் தனிக் காப்பகங்கள் உண்டு. இந்தியத் தரவுகளைப் பெங்களூருக்கு அருகே பயலாலுவில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையம் 'பிரதான்' என்ற தளத்தின் வழியே வழங்குகிறது. பெயரைப் பதிவு செய்தால் போதும். மங்கள்யானின் முதலாண்டுத் தரவுகள் 2016 செப்டம்பரிலும், சந்திரயான்-2 தரவுகளின் முதல் தொகுதி 2020 டிசம்பரிலும் வெளியாயின.

விக்ரம் தேடல்

காப்பகப் படத்தைக் கொண்டு தனிமனிதர் ஒருவர் என்ன செய்யமுடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2-இன் விக்ரம் தரையிறங்கி, நிலவில் இறங்கும் கடைசி நிமிடங்களில் தொடர்பை இழந்தது. அது இருக்குமிடத்தைச் சுற்றுகலன் கண்டுவிட்டதாக இஸ்ரோ மூன்று நாளில் அறிவித்தது. ஆனால் அந்தப் படம் அப்போது வெளியிடப்படவில்லை. வெளியிடப்படாத படத்தை வெளியாள் யாரும் சரிபார்க்க முடியாது.

நாசாவின் எல்.ஆர்.ஓ. சுற்றுகலன் செப்டம்பர் 17 அன்று அப்பகுதியை எடுத்த படத்தொகுப்பு செப்டம்பர் 26 அன்று பொதுவெளிக்கு வந்தது. உலகெங்கும் பலர் அதைத் தரவிறக்கித் தேடினர். சென்னையில் பணியாற்றிய பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், அதை அதே இடத்தின் பழைய படங்களோடு வைத்து ஒப்பிட்டார். முன்பு இல்லாத ஓர் ஒளிப்புள்ளி புதிய படத்தில் இருந்தது. அதன் அளவு ஒரே ஒரு படவணு. அவர் எல்.ஆர்.ஓ. திட்டத்தினருக்கு எழுதினார். அக்டோபர் 14, 15, நவம்பர் 11 ஆகிய நாட்களில் எடுத்த படங்களையும் பார்த்த பிறகே நாசா டிசம்பர் 2 அன்று அது விக்ரமின் சிதைவுதான் என்று அறிவித்தது. மோதிய இடம் அந்தப் புள்ளிக்குத் தென்கிழக்கே சுமார் 750 மீட்டரில் இருந்தது.

முதல் படத்திலேயே மோதிய இடம் தெரியாமல் போனது ஏன்? செப்டம்பரில் சூரியன் அங்கே அடிவானத்துக்கு மேல் 6 பாகை உயரத்தில்தான் இருந்தது. நீண்ட நிழல்கள் தரையை மூடியிருந்தன. ஒரு படவணு 1.3 மீட்டரைக் காட்டியது. நவம்பரில் சூரியன் 18 பாகைக்கு உயர்ந்தது, படவணுவும் 0.7 மீட்டர் ஆனது. எனவே காப்பகத்தில் படத்தைத் தேடுபவர் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. எடுத்த நாள், சூரியக் கோணம், பிரிதிறன் மூன்றையும் பார்க்க வேண்டும். ஒளி ஒத்த இரண்டு படங்களை ஒப்பிட்டால்தான் மாற்றம் உண்மையானதா, நிழல் விளையாட்டா என்று தெரியும்.

தேடும் முறை

ஒவ்வொரு தரவுக்கோப்போடும் 'லேபிள்' எனப்படும் விவரக்கோப்பு ஒன்று வரும். கருவி, நேரம், ஆயத்தொலைவு, ஒளிக்கோணம் எல்லாம் அதில் உண்டு. புதியவர்கள் இதைத் திறக்காமலே படத்துக்குப் போய்விடுவதுதான் வழக்கம். பாதிக் குழப்பம் அங்கிருந்தே தொடங்குகிறது. ஒரே இடத்தின் நெடுங்கோட்டை ஒரு காப்பகம் 0 முதல் 360 வரை எழுதும். இன்னொன்று கிழக்கு, மேற்கு எனப் பிரித்து எழுதும். செயலாக்கப்படாத படம் சில வேளை தலைகீழாகவோ கண்ணாடிப் பிம்பமாகவோ இருக்கும். ஒளி கீழிருந்து விழும் படத்தில் பள்ளம் மேடாகத் தோன்றும்.

செயலாக்க நிலையும் முக்கியம். கருவி அனுப்பியபடியே உள்ள மூலத்தரவு, கருவிப் பிழைகள் நீக்கிய அளவுதிருத்தப்பட்ட தரவு, நிலப்படத்தோடு பொருத்திய தரவு என மூன்று படிகள் பொதுவாக உண்டு. ஒளிச்செறிவை அளக்க இரண்டாவதும், இரு படங்களை மேலடுக்கிப் பார்க்க மூன்றாவதும் ஏற்றவை. முன்னோட்டமாகத் தரப்படும் சுருக்கிய படத்தில் எதையும் அளக்கக்கூடாது. விக்ரமின் ஒற்றைப் படவணு அதில் காணாமலே போயிருக்கும்.

பொறுமையும் வேண்டும். எல்.ஆர்.ஓ.வின் குறுங்கோணக் கேமராவின் முழுப் படம் 5,064 படவணு அகலமும் 52,224 வரிகளும் கொண்டது. சாதாரணக் கணினித் திரையில் முழு அளவில் பார்த்தால் அது நூற்றுக்கும் மேற்பட்ட திரைகளாகும். ஆயத்தொலைவைக் கொண்டு தேடும் பகுதியைச் சுருக்கிக்கொள்வதே நடைமுறை.

பழைய தரவு, புதிய கேள்வி

சந்திரயான்-1 உடனான தொடர்பு 2009 ஆகஸ்டில் அறுந்தது. அதில் இருந்த நாசாவின் நிலவுக் கனிம வரைவி எடுத்த நிறமாலைகள் பி.டி.எஸ். காப்பகத்தில் இருந்தன. வெயில் படும் நிலப்பரப்புக்காக உருவான கருவி அது. என்றாலும் பள்ளங்களின் சுவரில் பட்டுச் சிதறும் மங்கிய ஒளி நிரந்தர நிழல் பகுதிகளுக்குள்ளும் விழுகிறது. அந்தத் தரவுகளை மீண்டும் அலசிய சுவாய் லீ குழுவினர், துருவப் பகுதிகளின் மேற்பரப்பில் நீர்ப்பனிக்கான நேரடிச் சான்று இருப்பதாக 2018-இல் வெளியிட்டனர். விண்கலம் மௌனமாகி அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இத்தகைய முடிவை எழுதும்போது பயன்படுத்திய ஒவ்வொரு கோப்பின் அடையாள எண்ணையும் பதிப்பையும் குறிப்பிடுவது கட்டாயம். அளவுதிருத்தம் மேம்படும்போது காப்பகங்கள் அதே கோப்பைப் புதிய பதிப்பாக வெளியிடுவதுண்டு. எண் இல்லாவிட்டால் எந்தப் படத்தில் எதைக் கண்டார் என்பதை வேறொருவர் தேடிச் சரிபார்க்க இயலாது.