கிரீம் கிழங்குக்குள்ளேயே இருக்கிறது

இயற்பியல் பாடநூல்களில் ரம்ஃபோர்ட் பிரபு என்று வருகிறவரின் இயற்பெயர் பெஞ்சமின் தாம்சன். பீரங்கிக் குழாயைக் குடையும்போது உலோகம் விடாமல் சூடேறுவதைக் கவனித்து, வெப்பம் என்பது ஒரு பொருளல்ல, அசைவின் விளைவு என்று 1798இல் வாதிட்டவர். பவேரியாவின் மியூனிக் நகரில் அந்த ஆய்வைச் செய்த அதே மனிதர், அதே ஊரின் ஏழைகளுக்காக ஒரு சூப்பையும் வடிவமைத்தார். 1790ஆம் ஆண்டின் முதல் நாளன்று, தெருவில் பிச்சையெடுத்தவர்களைத் திரட்டி ஒரு தொழிற்கூடத்தில் வேலையும் உணவும் கொடுக்கும் ஏற்பாடு அங்கே தொடங்கியது. குறைந்த செலவில் நிறையப் பேருக்கு வயிறு நிறைய வேண்டும். பார்லி, பட்டாணி, உப்பு, வினிகர், தண்ணீர் என்று தொடங்கிய சூப்பில் பிற்பாடு உருளைக்கிழங்கு சேர்ந்தது. அப்போது அந்த ஊர்க்காரர்களுக்கு உருளைக்கிழங்கு என்றாலே ஆகாது. அதனால் தனி அறையில் வைத்து, இன்னதென்று அடையாளம் தெரியாதபடி குழையக் குழைய வேகவைத்துக் கலந்தார்கள். சாப்பிட்டவர்கள் சூப் முன்பைவிட நன்றாக இருக்கிறது என்றார்கள்.

ரம்ஃபோர்டை அசத்தியது தண்ணீர்தான். கொஞ்சம் பார்லியும் கிழங்கும் சேர்த்து மெல்லிய தீயில் மணிக்கணக்கில் வைத்தால், அவ்வளவு தண்ணீரும் கெட்டியாகி, கரண்டியில் ஒட்டி வழிகிற கூழாகிவிடுகிறது. தண்ணீருக்கே ஊட்டம் உண்டு, அதுவே உணவாக மாறுகிறது என்று அவர் நம்பிவிட்டார். அந்த முடிவு தவறு. ஆனால் கண்ணெதிரே நடந்ததை அவர் சரியாகவே பார்த்திருந்தார். இன்று வீட்டில் காரசாரமான, வழவழப்பான உருளைக்கிழங்கு சூப் செய்கிற எவரும் தம் அடுப்பில் அதையே பார்க்கலாம்.

உருளைக்கிழங்கில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. அது கிழங்கின் செல்களுக்குள் நுண்ணிய மணிகளாகச் சேர்த்துவைக்கப்பட்டிருக்கும். அரிசியின் மாவுமணி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. உருளைக்கிழங்கின் பெரிய மணிகளோ பத்தில் ஒரு பங்கு வரை வளரும். சமையலறையில் புழங்கும் மாவுச்சத்துகளில் மிகப் பெரியவை இவைதான். குளிர்ந்த நீரில் இவை சும்மா கிடக்கும். வெப்பம் 60 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் கட்டுக்கோப்பு தளர்ந்து, பாயசத்தில் ஜவ்வரிசி ஊதுவதுபோல, தண்ணீரை இழுத்து ஊதத் தொடங்கும். இந்த மாவுச்சத்தின் மூலக்கூறுகளில் அங்கங்கே பாஸ்பேட் தொகுதிகள் ஒட்டியிருக்கின்றன. மின்னேற்றம் கொண்ட அவை ஒன்றையொன்று தள்ளுவதால் நடுவே தண்ணீர் புக இடம் கிடைக்கிறது. அதனால்தான் அதே எடை சோளமாவைவிட உருளைக்கிழங்கு மாவு அதிகத் தண்ணீரைப் பிடித்து, அதிகக் கெட்டியைத் தருகிறது. ரம்ஃபோர்டின் தண்ணீர் உணவாக மாறவில்லை. ஊதிய மாவுமணிகளுக்குள் சிறைப்பட்டது.

ஆக, இந்த சூப்புக்குக் கடையில் கிரீம் வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. நாக்கு வழவழப்பு என்று உணர்வதில் பெரும்பங்கைக் கிழங்கே கொடுத்துவிடும். பாலோ வெண்ணெயோ சுவைக்கும் மணத்துக்கும் சேர்கிறவை. 1961இல் ஜூலியா சைல்டும் அவருடைய தோழிகளும் எழுதிய புகழ்பெற்ற பிரெஞ்சு சமையல் நூலில் முதல் செய்முறையே இப்படிப்பட்ட சூப்தான். உருளைக்கிழங்கு, வெங்காயத்தின் உறவான லீக், தண்ணீர், உப்பு. கிரீமோ வெண்ணெயோ கடைசியில் கொஞ்சம், அவ்வளவே.

எந்தக் கிழங்கு என்பதில்தான் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. மாவுச்சத்து அதிகமுள்ள கிழங்கு வெந்ததும் உதிர்ந்து கரையும். குறைவானது வெந்த பிறகும் துண்டாகவே நிற்கும். முந்தையது சூப்புக்கு, பிந்தையது பொரியலுக்கு. முற்றாமல் தோண்டிய, தோல் மெல்லிசான புதுக்கிழங்கு பெரும்பாலும் இரண்டாம் வகை. சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் சிப்ஸ் தயாரிப்புக்கென்றே 1998இல் வெளியிட்ட குஃப்ரி சிப்சோனா ரகங்கள் முதல் வகை. ஆனால் மார்க்கெட்டில் ரகத்தின் பெயரைச் சொல்லி யாரும் விற்பதில்லை. ஊட்டிக் கிழங்கு, மற்ற கிழங்கு என்ற அளவில்தான் பேச்சு. அதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. பதினொரு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு உப்பைக் கரைத்து, கழுவிய கிழங்கை அதில் போட வேண்டும். மாவுச்சத்து மிகுந்த கிழங்கு அடர்த்தி கூடியது என்பதால் மூழ்கும், குறைந்தது மிதக்கும். ஒரே கூடையிலிருந்து எடுத்த கிழங்குகளில் சில மூழ்கிச் சில மிதப்பதைக் குழந்தைகள் பார்க்க வேண்டும். அவ்வளவு நல்ல பாடம் அது.

கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காமல் இருப்பது நல்லது. குளிரில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும். சூப் கெட்டியாகாமல் இனிக்கும். தோல் பச்சை நிறமேறிய கிழங்கில் சோலனைன் என்ற நச்சுப்பொருள் கூடியிருக்கும், கொதிக்கவைத்தாலும் அது போகாது. பச்சைப் பகுதியையும் முளையையும் ஆழமாகச் சீவி எறிந்துவிட வேண்டும். பச்சை அதிகமென்றால் கிழங்கையே தள்ளிவிட வேண்டும்.

நான்கு பேருக்கு அரைக் கிலோ கிழங்கு போதும். முழுதாக இருக்கும்போதே கழுவி, தோலைச் சீவி, விரல்கணு அளவுக்கு நறுக்க வேண்டும். நறுக்கிய பிறகு தண்ணீரில் அலசக் கூடாது; வெட்டுப்பட்ட செல்களிலிருந்து வெளிவரும் மாவு அந்தத் தண்ணீரோடு போய்விடும். சிப்ஸ் போடுகிறவர் அலச வேண்டும், சூப் வைக்கிறவர் அலசக் கூடாது. அடிகனமான பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் விட்டு, பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு நாலைந்து பல், கீறிய பச்சை மிளகாய் இரண்டு ஆகியவற்றைச் சிறுதீயில், நிறம் மாறாமல் வதக்க வேண்டும். பிறகு கிழங்கைப் போட்டு இரண்டு பிரட்டு பிரட்டி, முக்கால் லிட்டர் தண்ணீரும் உப்பும் சேர்த்து, மூடி, மெல்லக் கொதிக்க விட வேண்டும். இருபது நிமிடத்தில் கரண்டியால் அழுத்தினால் நசுங்கும் பதம் வந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் தக்காளியோ எலுமிச்சையோ புளியோ உள்ளே போகக் கூடாது. கிழங்கின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். கொதிநீரில் அது கரைந்தால்தான் கிழங்கு மெத்தென்று ஆகும். புளிப்பு இருந்தால் பெக்டின் லேசில் கரையாது. புளிக்குழம்பில் பச்சைக் கிழங்கைப் போட்டுவிட்டு வேகவில்லையே என்று காத்திருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதே பிடிவாதம் சூப்பிலும் உண்டு. உயரமும் ஒரு காரணம். ஊட்டியில் தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அங்கே திறந்த பாத்திரத்தில் கிழங்கு வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

மசிக்கும் வேலையில்தான் நல்ல சூப் பலருக்கும் கைநழுவுகிறது. வெந்த கிழங்கை மிக்ஸியில் போட்டு வேகமாக ஓட்டினால், செல்கள் கிழிந்து, ஊதிய மாவுமணிகளும் உடைகின்றன. அவற்றுக்குள் இருந்த அமைலோஸ் என்ற நீளமான மூலக்கூறுகள் வெளியே வந்து பின்னிக்கொள்ள, சூப் பசையாகி இழுக்கும். தண்ணீர் நிறைய இருப்பதால் மசியல் அளவுக்கு மோசமாகாது. ஆனாலும் வாயில் வழுக்கிப் போக வேண்டியது பல்லில் ஒட்டும். பருப்பு மத்துதான் இதற்குச் சரியான கருவி. அது செல்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கிறது, பெரும்பாலும் கிழிப்பதில்லை. இரண்டு பங்கைக் கடைந்துவிட்டு ஒரு பங்கைத் துண்டாகவே விடுவது இன்னும் நல்லது. கடிக்க ஏதாவது அகப்பட்டால்தான் சூப்பில் சலிப்பு வராது.

இந்தப் பசைத் தொல்லை தொழிற்சாலைகளையும் விட்டுவைக்கவில்லை. வெந்நீர் ஊற்றினால் மசியலாகிவிடும் உலர்ந்த கிழங்குச் செதில்களைத் தயாரிக்க முயன்றபோது, 1950களில் அமெரிக்க வேளாண் துறையின் ஃபிலடெல்பியா ஆய்வகம் ஒரு வழி கண்டது. கிழங்கை முதலில் 70 டிகிரி அளவில் இருபது நிமிடம் வைத்து, குளிரவைத்து, அதன்பிறகே முழுதாக வேகவைப்பது. இடையே குளிரும்போது அமைலோஸ் மூலக்கூறுகள் ஒன்றாக இறுகிவிடுகின்றன. மறுபடி சூடாக்கினாலும் அவ்வளவு எளிதில் கரைந்து வெளியே வருவதில்லை. பசையும் குறைகிறது. பொறுமையுள்ளவர்கள் இதை வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

கடைந்த பிறகு தீயைத் தணித்து, ஒரு தம்ளர் சூடான பாலை ஊற்ற வேண்டும். கிழங்கின் மாவு பாலின் புரதங்களைச் சூழ்ந்துகொள்வதால் பால் திரியும் ஆபத்து குறையும். ஆனால் அதன்பின் தளதளவென்று கொதிக்கவிட்டால் அந்தக் காவலும் போதாது. பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் விட்டால் நம் நாக்குக்கு இன்னும் நெருக்கமான சூப் கிடைக்கும். முதல் பாலை அடுப்பை அணைத்த பிறகு சேர்ப்பதே வழக்கம், இங்கும் அப்படியே. உப்பை இப்போதுதான் மறுபடி பார்க்க வேண்டும். கெட்டியான திரவத்தில் உப்பு நாக்கைச் சென்று சேர்வது குறைவு. தண்ணீராக இருந்தபோது சரியாகப்பட்ட உப்பு, சூப்பான பின் போதாமல் தெரியும்.

இனி காரம். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் விதையில் உற்பத்தியாவதில்லை. விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறச் சதையில்தான் உருவாகிறது. அது உண்மையில் ஒரு சுவையே அல்ல. நரம்பு முனைகளில் வெப்பத்தை உணரும் ஒரு புரத வாயில் இருக்கிறது; ஏறக்குறைய 43 டிகிரியைத் தாண்டிய சூடு பட்டால் அது திறந்து, சுடுகிறது என்று மூளைக்குச் சொல்லும். கேப்சைசின் அதே வாயிலைத் திறந்துவிடுகிறது. டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு இதை 1997இல் கண்டறிந்தது. 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. மிளகாய்ச் சூப்பை ஆவி பறக்கக் குடிப்பவருக்கு ஒரே வாயிலை இரண்டு கைகள் தட்டுகின்றன. ஆறிய சூப்பில் காரம் குறைந்துவிட்டதாகத் தோன்றுவதும் அதனால்தான்.

கேப்சைசின் தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம், கொழுப்பில் கரையும். மிளகாயை ஆரம்பத்திலேயே வெண்ணெயில் வதக்குவதன் பலன் இது. காரம் வெண்ணெயில் இறங்கி, சூப் முழுக்கப் பரவி, ஒவ்வொரு வாயிலும் ஒரே அளவில் வரும். ஆனால் அதே கொழுப்பு காரத்தைத் தன்னிடமே பிடித்தும் வைத்துக்கொள்ளும். பாலின் கேசின் புரதமும் கேப்சைசினைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே வழவழப்பான சூப்பில் காரம் உடனே அறையாது. விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்ல ஏறும். முதல் வாயைச் சுவைத்துவிட்டுக் காரம் போதவில்லை என்று இன்னும் மிளகாய் சேர்ப்பவர்கள் ஐந்தாவது வாயில் திணறுவார்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும். மிஞ்சிப் போனால் தண்ணீர் குடித்துப் பயனில்லை, இன்னும் கொஞ்சம் பாலோ தேங்காய்ப்பாலோ சேர்க்கலாம்.

மிளகைத் தனியாகக் கையாள வேண்டும். அதன் பைப்பெரினும் அதே வாயிலைத்தான் தட்டுகிறது. ஆனால் மிளகின் உயிர் அதன் மணத்தில், அந்த மணமோ ஆவியில் பறந்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய பின் ஒரு தேக்கரண்டி மிளகைக் கொரகொரப்பாக இடித்துத் தூவுவதுதான் அதற்கு மரியாதை. மேலே ஒரு தாளிப்பு வேண்டுமென்றால் நெய்யில் சீரகமும் கிள்ளிய காய்ந்த மிளகாயும் போதும். எலுமிச்சைச் சாறு பிழிவது இதற்கும் பிறகு, கிண்ணத்தில் ஊற்றியதும்.

கிழங்கும் மிளகாயும் நம் அடுப்பில் இவ்வளவு இயல்பாகக் கூடுவதில் வியப்பில்லை. இரண்டும் கத்தரிக் குடும்பத்துச் செடிகள், இரண்டுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். பெரு, பொலிவியா எல்லையில் டிட்டிக்காக்கா ஏரியைச் சுற்றிய மலைநாட்டில்தான் உருளைக்கிழங்கு பயிரானது. அந்த மலைத்தொடரில் இன்றும் சூப்பென்றால் கிழங்குதான். ஈக்வடாரில் லோக்ரோ என்ற கிழங்கு சூப்பில் பாலும் பாலாடைக்கட்டியும் சேர்த்து, மேலே வெண்ணெய்ப்பழத் துண்டுகள் வைப்பார்கள். காரத்துக்கு அஹி என்ற மிளகாய்ச் சாறு பக்கத்திலேயே இருக்கும், அவரவர் அளவுக்கு விட்டுக்கொள்ளலாம். கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் அஹியாகோ என்றொரு கோழி சூப் உண்டு. அதில் மூன்று வகைக் கிழங்குகள் போடுகிறார்கள். கிரியோல்லா என்ற சிறிய மஞ்சள் கிழங்கு முற்றிலும் கரைந்து சூப்பைக் கெட்டியாக்கும். மற்ற இரண்டும் துண்டுகளாக நின்று கடிபடும். உப்புத் தண்ணீர்ச் சோதனை சொல்லித்தருவதை அந்த மலைச் சமையல்காரர்கள் நாக்கால் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் மூழ்கிய கிழங்கையும் மிதந்த கிழங்கையும் கலந்து போட்டால் மத்து பிடிக்கும் வேலை பாதியாகும்.

மிஞ்சிய சூப் ஃபிரிட்ஜில் களிபோல இறுகியிருக்கும். கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆறும்போது மாவுச்சத்து மூலக்கூறுகள் மறுபடி ஒன்றாக இறுகுவதால் வரும் மாற்றம் அது. அரை தம்ளர் வெந்நீரோ பாலோ விட்டு, சிறுதீயில் கிளறிக்கொண்டே சூடாக்கினால் இளகிவிடும். மிளகை மட்டும் புதிதாக இடித்துப் போட வேண்டும்.