கீமோவுக்கு மசியாத கட்டி, மாத்திரைக்குப் பணியும்

மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்பது, "எத்தனை கீமோ?" என்றுதான். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி), பி.ஆர். (புரொஜெஸ்டிரோன் ஏற்பி) எவ்வளவு?

பயாப்சியில் எடுத்த சதைத் துணுக்கைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள புற்றுச்செல்களின் உட்கரு பழுப்பாகத் தெரியும். நூற்றில் ஒன்று பழுப்பாக இருந்தாலே அறிக்கையில் 'பாசிட்டிவ்' என்று எழுதுவார்கள். பலருக்கு இது 90 சதவீதத்தையும் தாண்டும். உலக அளவில் பத்தில் ஏழு மார்பகப் புற்றுநோய்கள் ஹார்மோன் ஏற்பி உள்ளவையே.

இவற்றில் பலவற்றுக்குக் கீமோ அவ்வளவாக எடுபடுவதில்லை. வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கீமோ மருந்துகள் தாக்குகின்றன. இந்தக் கட்டிகளோ பெரும்பாலும் மெதுவாக வளர்பவை. போதாக்குறைக்கு, செல்லைச் சாகவிடாமல் காக்கும் பிசிஎல்-2 என்ற புரதத்தை ஈஸ்ட்ரோஜன் கூட்டிவிடுகிறது. அறுவை சிகிச்சைக்கு முன் கீமோ பெற்ற ஏறத்தாழ 12,000 பேரின் தரவுகளை 2014-இல் தொகுத்துப் பார்த்தார்கள். ஹார்மோன் ஏற்பியுள்ள, ஹெர்-2 என்ற இன்னொரு ஏற்பி இல்லாத, தீவிரம் குறைந்த வகையில் 7.5 சதவீதத்தினருக்கு மட்டுமே கட்டி முழுதும் மறைந்திருந்தது. மூன்று ஏற்பிகளும் இல்லாத 'டிரிபிள் நெகட்டிவ்' வகையில் அது 33.6 சதவீதம்.

இதைப் படித்து யாரும் கலங்க வேண்டாம். கட்டி கரையாவிட்டாலும் ஏற்பியுள்ள வகையில் பிழைப்போரே அதிகம். முக்கியக் காரணம், ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை. டாமாக்சிபென் என்ற மாத்திரை ஏற்பியில் போய் அமர்ந்து ஈஸ்ட்ரோஜனுக்கு இடம் தராமல் தடுக்கிறது. ஐந்தாண்டு தொடர்ந்து எடுத்தால் இந்த நோயால் ஏற்படும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

2018-இல் வெளியான டெய்லர்-எக்ஸ் ஆய்வு இன்னும் தெளிவு தந்தது. நிணநீர்க் கணுவுக்குப் பரவாத ஏற்பியுள்ள கட்டிகளில் 21 மரபணுக்களைச் சோதித்து, நோய் திரும்பும் அபாயத்துக்கு மதிப்பெண் இட்டார்கள். நடுத்தர மதிப்பெண் பெற்றவர்களில் மாத்திரை மட்டும் எடுத்தவர்களும், கீமோவும் சேர்த்து எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரேபோல நலமாக இருந்தார்கள். ஐம்பது வயதுக்கு உட்பட்ட சிலருக்கு மட்டும் கீமோவால் கொஞ்சம் பலன் தெரிந்தது. ஆகவே, "எனக்குக் கீமோவே வேண்டாம்" என்று யாரும் தாமாக முடிவெடுத்துவிடக் கூடாது.

மாத்திரைக்கும் கட்டி பழகிவிடுவதுண்டு. ஈஎஸ்ஆர்-1 மரபணுவில் மாற்றம் வந்தால், ஈஸ்ட்ரோஜன் இல்லாமலே ஏற்பி வேலை செய்யத் தொடங்கிவிடும். அதற்கும் இப்போது வேறு மருந்துகள் உள்ளன.

மாத்திரையால் உடல் காந்தல், மூட்டு வலி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்திருங்கள்.