காட்டோரக் காளானை அறிதல்

மழைக்காலத்தில் காட்டோரங்களில் ஒரே இரவில் வெண்ணிறக் குடைகள் விரிந்து நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவையே காளான்கள். தோற்றத்தில் ஒத்த இரு காளான்களுள் ஒன்று உணவாகவும் மற்றொன்று உயிரைக் கொல்லும் நஞ்சாகவும் இருக்கக்கூடும். ஆதலால், ஒரு காளானை உற்றுநோக்கி விவரிக்கும் முறையை இப்பாடத்தில் கற்போம்.

காளான் என்பது யாது?

காளான் தாவரம் அன்று. அது பூஞ்சை வகையைச் சார்ந்தது. பச்சையம் இல்லாததால் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. அதன் உடல் நூல் போன்ற இழைகளாக மண்ணிலும் மட்கிய மரத்திலும் பரவியிருக்கும். நாம் காணும் குடை, வித்துத்தூளைப் பரப்புவதற்காக வெளிவரும் உறுப்பே ஆகும்.

பழந்தமிழில் காளானுக்கு 'ஆம்பி' என்று பெயர். வறுமையுற்ற பாணனின் அடுக்களையில், கறையான் அரித்த பழஞ்சுவரின் புழுதியில் ஆம்பி பூத்திருந்ததைச் சிறுபாணாற்றுப்படை கூறுகிறது.

உற்றுநோக்க வேண்டியவை

1. இடம்: புல்வெளியா, மரத்தடியா, பட்ட மரமா, கறையான் புற்றா?
2. குடை: அதன் நிறம், அகலம், வடிவம் யாவை? நடுப்பகுதி கூராக உள்ளதா?
3. செவுள்கள்: குடையின் அடியில் புத்தகத் தாள்கள் போல அடுக்கிய தகடுகளின் நிறம் யாது?
4. காம்பு: அதில் வளையம் உண்டா?
5. அடிப்பகுதி: மண்ணுக்குள் எவ்வாறு முடிகிறது?
6. வித்துத்தூள்: அதன் நிறம் யாது?

ஆறாவது வினாவிற்கு விடை காண ஓர் எளிய வழி உண்டு. பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின் மேல், செவுள்கள் கீழ்நோக்கி இருக்குமாறு குடையை வைத்து, ஒரு கிண்ணத்தால் மூடி, ஓர் இரவு விடுக. மறுநாள் தூள் படிந்திருக்கும். வெண்ணிறத் தூள் கறுப்புத் தாளிலும் பிற நிறத் தூள் வெள்ளைத் தாளிலும் தெளிவாகத் தெரியும். இதனை ஆசிரியர் முன்னிலையில் மட்டும் செய்க. பின்னர்க் கைகளைச் சோப்பினால் கழுவுக.

மண்ணுக்குள் மறைந்த சான்று

இவ்வாறனுள் பலர் காணத் தவறுவது அடிப்பகுதியே. காம்பைப் பிடித்து ஒடித்து எடுத்தால் அடிப்பகுதி மண்ணிலேயே தங்கிவிடும். முதன்மையான சான்றும் அதனோடு போய்விடும்.

சார்க்கண்டு முதலிய மாநிலங்களில் மழைக்காலச் சந்தைகளில் புற்றுக்காளான் விற்கப்படுகிறது. அதன் குடையின் நடுப்பகுதி கூராக இருக்கும். காம்பு வேர்போல நீண்டு, மண்ணுக்கடியில் உள்ள கறையான் கூடு வரை செல்லும். கறையான்கள் இப்பூஞ்சையைத் தம் கூட்டுக்குள் வளர்த்து உண்கின்றன. ஆகவே, அந்த நீண்ட வேர்ப்பகுதியே புற்றுக்காளானின் அடையாளம். அதன் வித்துத்தூள் இளஞ்சிவப்புச் சாயலுடையது.

அமானிட்டா இனத்தைச் சேர்ந்த கொடிய நச்சுக்காளான்களோ வேறு வகையின. அவற்றின் காம்பில் வளையமும், அடியில் கிழிந்த பை போன்ற ஒரு கிண்ணமும் காணப்படும். வித்துத்தூள் வெண்மையாக இருக்கும். எனினும், கிண்ணம் இல்லை என்பதனாலேயே ஒரு காளான் நல்லது ஆகிவிடாது. கிண்ணம் சிதைந்து போயிருக்கலாம். கிண்ணமே இல்லாத நச்சுக்காளான்களும் உள்ளன.

பொய்ச் சோதனைகள்

'வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு', 'பூச்சி கடித்திருந்தால் நல்லது', 'நன்றாக வேகவைத்தால் நஞ்சு நீங்கும்' என்று சிலர் கூறுவர். இவற்றுள் ஒன்றும் உண்மையன்று. அமானிட்டாவின் நஞ்சு கொதிநீரிலும் அழிவதில்லை. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அசாம் மாநிலத்தில் நச்சுக்காளானை உண்டு 13 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

இந்நஞ்சு உடனே வெளிப்படுவதில்லை. உண்டு 6 முதல் 12 மணி நேரம் கழிந்த பின்னரே பெரும்பாலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தோன்றும். பின்னர் அவை தணிந்து, நோயாளி நலமடைந்தது போலத் தெரியும். ஆனால், அப்பொழுதும் கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். எனவே, ஐயம் எழுந்தவுடன், நோய்க்குறி தோன்றும்வரை காத்திராமல், எஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

காளானை விவரிக்க நாம் கற்றது, அதைப் பறித்து உண்பதற்காக அன்று. காட்டில் கண்டதைப் படம் பிடியுங்கள், குறிப்பெழுதுங்கள். பாம்புகள் தங்கும் இடமாதலால் புற்றைத் தனியே தோண்டாதீர்கள். உறுதியாக அறியாத காளானை எவர் கொடுத்தாலும் உண்ணாதீர்கள்.

அருஞ்சொற்பொருள்

அடுக்களை – சமையலறை
ஐயம் – சந்தேகம்
சான்று – ஆதாரம்
மட்கிய – சிதைந்து மண்ணோடு கலந்த

பயிற்சி

1. காளான் ஏன் தாவரம் அன்று?
2. காளானை ஒடித்து எடுப்பதனால் எச்சான்று மறைகிறது?
3. புற்றுக்காளானையும் அமானிட்டாவையும் மூன்று கூறுகளில் ஒப்பிடுக.
4. உங்கள் பகுதியில் கண்ட ஒரு காளானை, மேற்கண்ட ஆறு வினாக்களின் வழி விவரித்து எழுதுக. தெரியாத கூற்றுக்கு எதிரே 'காணவில்லை' என எழுதுக, ஊகித்து எழுதற்க.