ஊர் கூடி வளர்த்த பள்ளி

ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கு அருகில் ராமகுப்பம் என்னும் ஊர் உள்ளது. குப்பத்தைச் சுற்றியுள்ள இப்பகுதியில் தெலுங்கு, தமிழ், கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் வழங்குகின்றன. எல்லைப்புற ஊர்களில் வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறு மொழியும் பேசும் குழந்தைகள் பலர். பள்ளியின் மொழியை அறியாத பெற்றோர் சிலர், பள்ளி வாயிலோடு நின்றுவிடுவர். பள்ளியை நடத்துவது அரசின் வேலை என்றும், தமக்கு அங்கே இடமில்லை என்றும் அவர்கள் எண்ணுவர். ஆனால், பள்ளி ஊராருக்கும் உரியது என்பதைச் செயலால் காட்டியவர் ஒருவர் இருந்தார். அவர் நெ.து.சுந்தரவடிவேலு.

சுந்தரவடிவேலு 1912ஆம் ஆண்டு காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்தார். 1954இல் சென்னை மாநிலத்தின் பொதுக்கல்வி இயக்குநரானார். அப்போது காமராசர் முதலமைச்சராக இருந்தார். சித்தூர் மாவட்டம் அதற்கு முந்திய ஆண்டு வரை அதே மாநிலத்தில்தான் இருந்தது.

அக்காலத்தில் ஏழைக் குழந்தைகள் பலர் பள்ளிக்கு வரவில்லை. பசியே அதற்கு முதற்காரணம். ஆகவே, 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அது பொதுமக்களின் நன்கொடையையே நம்பி நடந்தது. பின்னர், செலவில் 60 விழுக்காட்டை அரசு ஏற்றது. எஞ்சிய 40 விழுக்காட்டை ஊரார் ஏற்றனர்.

பசி தணிந்தால் மட்டும் போதுமா? பல பள்ளிகளில் உட்காரப் பலகை இல்லை, குடிக்க நீர் இல்லை, கூரையும் ஒழுகியது. இக்குறைகளைப் போக்கப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைச் சுந்தரவடிவேலு முன்னின்று நடத்தினார். முதல் மாநாடு 1958இல் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கடம்பத்தூரில் கூடியது.

மாநாட்டுக்கு முன்னரே ஆசிரியரும் ஊர்ப் பெரியோரும் பெற்றோரும் கூடிப் பள்ளியின் தேவைகளைப் பட்டியலிடுவர். கரும்பலகை, கடிகாரம், மேசை, நூலகம், கட்டடம் என அப்பட்டியல் நீளும். யார் எதைத் தருவது என்பதை ஊராரே முடிவு செய்வர். வசதி உள்ளோர் நிலமும் பணமும் தந்தனர். மற்றோர் தம்மால் இயன்றதைத் தந்தனர். இவ்வாறு சில ஆண்டுகளில் பல கோடி ரூபாய் மதிப்புள்ள உதவிகள் பள்ளிகளுக்குக் கிடைத்தன.

மக்களிடம் உதவி கேட்டால் அரசு தன் கடமையிலிருந்து விலகிவிடாதா என்னும் ஐயம் எழலாம். ஆசிரியர்களுக்கு ஊதியம் வழங்குவதையும் புதிய பள்ளிகளைத் திறப்பதையும் அரசு நிறுத்தவில்லை. ஊராரின் உதவி அவற்றுக்குத் துணையாக அமைந்தது. மேலும், பள்ளிக்கு ஒரு பலகையைத் தந்தவர், அதில் குழந்தைகள் அமர்ந்து படிக்கின்றனரா என்று பார்க்க வருவார். அவ்வாறு வருபவர், 'பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏன் வரவில்லை?' என்றும் கேட்பார். அந்தக் கேள்வியே நன்கொடையைவிடப் பெரியது.

சுந்தரவடிவேலு பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பணியாற்றினார். 1993இல் மறைந்தார்.

இன்று பெற்றோரின் பங்கு சட்டமாகவே ஆகியுள்ளது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்கிறது. அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். மொத்த உறுப்பினருள் பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும், அரசு தரும் நிதி முறையாகச் செலவாகிறதா என்று பார்ப்பதும் அக்குழுவின் கடமைகள்.

குழாயில் நீர் வருகிறதா, குழந்தைகள் நாள்தோறும் வருகின்றனரா என்று அறிவதற்கு மொழி ஒரு தடையன்று. ராமகுப்பத்திலாயினும் தொலைநகரிலாயினும், பெற்றோர் பள்ளி வாயிலைக் கடந்து உள்ளே வந்தால் பள்ளி வளரும்.

சிந்தித்து விடை எழுதுக

1. மாநாட்டுக்கு முன்னர்த் தேவைகளைப் பட்டியலிட்டதன் பயன் யாது?
2. நன்கொடையைவிடக் கேள்வி பெரியது என்று கூறுவது ஏன்?
3. உங்கள் பள்ளிக்குத் தேவையான மூன்றினைப் பெற்றோருடன் கலந்து பேசி எழுதுக.