டிஷ் பார்க்கும் திசை

சென்னை சென்ட்ரலுக்கு வரும் ரயில்கள் பல பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் வேகம் தணிந்து ஊர்ந்துதான் உள்ளே நுழையும். பயணிகள் பெட்டியை இறக்கிவைத்துக்கொண்டு எழுந்து நிற்கிற நேரம் அது. ஜன்னல் வழியே பார்த்தால் மூலக்கொத்தளம், புளியந்தோப்பு, வியாசர்பாடி மொட்டைமாடிகள் கண்ணில் படும். காயப்போட்ட துணி, கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, இடையிடையே டிஷ்கள். கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், அந்த டிஷ்கள் மனம்போன போக்கில் திரும்பியிருக்கவில்லை என்பது தெரியும். பல தென்கிழக்கே, துறைமுகம் இருக்கிற பக்கம் பார்க்கின்றன. சில ஏறக்குறைய நேர் தெற்கே பார்க்கின்றன. கிழக்கை ஒட்டித் திரும்பியவையும் உண்டு.

பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோள்களை நோக்கியே இந்த டிஷ்கள் திரும்பியிருக்கின்றன. சன் டைரக்டுக்கும் தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கும் 93.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகை. சென்னையிலிருந்து அது தென்கிழக்கு. முன்பு டாடா ஸ்கை என்று அறியப்பட்ட டாடா ப்ளேக்கு 83 பாகை, அதாவது கிட்டத்தட்ட நேர் தெற்கு. ஏர்டெல் 108 பாகையில் இருப்பதால் அதன் டிஷ் கிழக்கு நோக்கிச் சாய்ந்திருக்கும். டிஷ்ஷின் முகத்தைப் பார்த்தே அந்த வீட்டில் எந்தக் கம்பெனி என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அந்த மாடிகளுக்குக் கீழே, தெருவில், வேறொரு காட்சி. ஒரு தெருவிளக்குக் கம்பத்திலிருந்து அடுத்ததற்கும், அங்கிருந்து சன்ஷேடுக்கும், சன்ஷேடிலிருந்து ஜன்னலுக்கும் கறுப்பு ஒயர்கள் கொடிபோல் ஓடுகின்றன. அது கேபிள்காரரின் ராஜ்ஜியம். புது வீட்டுக்குக் குடிபோகும் எந்தக் குடும்பமும் பால் காய்ச்சிய மறுநாளே கேட்கிற கேள்வி இது: கேபிள் வாங்கலாமா, டிஷ் போடலாமா?

பலரும் நினைப்பதுபோல ஒன்று பூமி வழியாகவும் மற்றது வானம் வழியாகவும் வருவதில்லை. இரண்டுமே வானத்திலிருந்துதான் வருகின்றன. கேபிள் நிறுவனத்தின் கண்ட்ரோல் ரூம் மாடியில் ஆளுயரத்தைத் தாண்டிய பெரிய டிஷ்கள் நிற்கும். சேனல்களை அவை செயற்கைக்கோளிலிருந்து வாங்கிக் கொடுக்க, ஃபைபர் வழியாகப் பகுதிக்கும், பிறகு ஒயர் வழியாக வீட்டுக்கும் படம் வந்து சேர்கிறது. கேபிள் வாங்குகிறவர் இன்னொருவருடைய பெரிய டிஷ்ஷில் பங்கு வாங்குகிறார். டிஷ், அதாவது டிடிஎச், வாங்குகிறவர் தன் மாடியில் இரண்டடி அகலத்தில் சொந்தமாக ஒன்றை வைத்துக்கொள்கிறார்.

மழை பெய்யும்போது வீட்டு டிஷ்ஷில் படம் போவதற்கும் கேபிளில் அவ்வளவாகப் போகாததற்கும் காரணம் இந்த அளவு வித்தியாசமும், இரண்டும் பயன்படுத்தும் அலைவரிசை வித்தியாசமும்தான். வீட்டு டிஷ் வாங்கும் அலைகள் ‘கேயூ பேண்ட்’ எனப்படும் வகை, சுமார் 12 கிகாஹெர்ட்ஸ். அவற்றின் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான் இருக்கும். கனமழையின் பெரிய துளிகள் இந்த அலைகளை விழுங்கியும் சிதறடித்தும் விடுகின்றன. முதலில் படம் கட்டம் கட்டமாக உடையும், குரல் விக்கும், பிறகு ‘சிக்னல் இல்லை’ என்ற அறிவிப்பு. கேபிளின் பெரிய டிஷ்கள் பெரும்பாலும் வாங்குவது ‘சி பேண்ட்’, அதாவது 4 கிகாஹெர்ட்ஸை ஒட்டியது. அதன் அலை நீளமானது, மழை அதை அவ்வளவாகத் தொடாது.

சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. வடகிழக்குப் பருவமழை மேகங்கள் வங்கக்கடலிலிருந்து ஏறிவருகின்றன, ராயபுரத்து டிஷ்ஷும் அந்தக் கடற்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் நிலைமை பயப்படுகிற அளவுக்கு மோசமில்லை. சென்னையிலிருந்து 93.5 பாகைச் செயற்கைக்கோள் ஏறத்தாழ 68 பாகை உயரத்தில், தலைக்கு மேல் என்று சொல்லும்படி நிற்கிறது. அலை வரும் பாதை செங்குத்தாக இருப்பதால் மழைக்குள் அது கடக்கும் தூரம் குறைவு. காசிமேட்டுக் கடலில் தூரத்தே கறுத்துக் கிடக்கிற மேகம் படத்தை ஒன்றும் செய்யாது, தலைக்கு மேல் வந்து கொட்டும்போதுதான் தொல்லை. வெள்ளம்போல் ஊற்றும் அந்தக் கொஞ்ச நேரம் பொறுத்தால் படம் தானாகவே திரும்பிவிடும். ஒரு சீரியலின் முக்கியமான காட்சி போய்விடலாம் என்பது உண்மைதான்.

மழையைவிட இந்தப் பகுதிக்குப் பெரிய எதிரி உப்புக்காற்று. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க் கரையோர வீடுகளில் இரும்புக் கொக்கியும் ஜன்னல் கம்பியும் எப்படித் துருப்பிடிக்கின்றனவோ, அப்படியேதான் டிஷ்ஷைப் பிடித்திருக்கும் தாங்கியும், ஒயர் முனையில் உள்ள திருகு கனெக்டரும் அரிக்கப்படுகின்றன. “மழையே இல்லை, ஆனாலும் படம் உடையுது” என்று புகார் வருகிற வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கனெக்டரைத்தான். தாங்கி தளர்ந்து டிஷ் இரண்டு பாகை திரும்பினாலே செயற்கைக்கோள் கைநழுவிப் போய்விடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது கேபிள் ஒயர்கள் மரங்களோடு சேர்ந்து தெருவில் விழுந்தன, மாடியில் டிஷ்கள் முகம் திரும்பி நின்றன. அன்று தப்பிய தொழில்நுட்பம் எதுவுமில்லை. ஆனால் மின்சாரம் திரும்பிய பிறகு ஒரு வித்தியாசம் தெரிந்தது. டிஷ் நேராக இருந்த வீட்டில், அந்த வீட்டுக்குக் கரண்ட் வந்ததுமே படம் வந்துவிடும். கேபிள் அப்படியில்லை. கண்ட்ரோல் ரூமிலிருந்து வீடுவரை எந்த இடத்தில் ஒயர் அறுந்தாலும், நடுவில் ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் கொடுக்கும் வீட்டிலோ கடையிலோ கரண்ட் இல்லாவிட்டாலும், தெரு முழுக்க இருட்டுதான். வீடுவரை ஃபைபர் இழுத்த தெருக்களில் இந்த ஆம்ப்ளிஃபயர் தொல்லை தீர்ந்திருக்கிறது.

வானத்தில் இருப்பதற்கும் பழுது வரும். 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சூரியத் தகட்டிலிருந்து வரும் மின்சாரத்தில் கோளாறு ஏற்பட்டு, அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்த வேண்டியதாயிற்று. அதை நம்பியிருந்த சன் டைரக்ட் சேவை பாதிக்கப்பட்டு, 91.5 பாகையில் இருந்த மலேசியாவின் மீசாட்-3க்கு மாறியது. வெறும் 2 பாகைதான் வித்தியாசம். ஆனால் அதற்காக டிஷ்களை மாடி மாடியாக ஏறித் திருப்பிவைக்க வேண்டியிருந்தது. கேபிள் பக்கமும் இப்படி ஒன்று நடந்தது. 2022 நவம்பரில், தமிழக அரசின் கேபிள் நிறுவனமான அரசு கேபிளுக்குத் தொழில்நுட்பச் சேவை வழங்கிவந்த தனியார் நிறுவனத்தோடு எழுந்த தகராறில், மாநிலம் முழுக்க லட்சக்கணக்கான செட்டாப் பெட்டிகள் படம் காட்டாமல் முடங்கின. ஒயர் அறுந்திருந்தால் லைன்மேன் ஏணியோடு வந்து ஒட்டிவிடுவார். மென்பொருள் நின்றுபோனதற்கு அவர் என்ன செய்வார்?

சென்னைக்காரர்களுக்குப் பெட்டி புதிதல்ல. 2003 செப்டம்பர் 1 அன்று, கட்டணச் சேனல் வேண்டுமானால் செட்டாப் பாக்ஸ் வாங்கியாக வேண்டும் என்ற ‘கேஸ்’ முறை நான்கு பெருநகரங்களுக்கும் வருவதாக இருந்தது. மற்ற மூன்று நகரங்களில் அது தள்ளிப்போக, சென்னையில் மட்டும் நடைமுறைக்கு வந்தது. இலவசச் சேனல்களுக்கு மாதம் 72 ரூபாயும் வரியும் என்று அரசு விலை வைத்தது. பெட்டி வாங்கியவர்கள் மிகக் குறைவு. மக்கள் விரும்பிப் பார்த்த தமிழ்ச் சேனல்கள் பெட்டி இல்லாமலே வந்தபோது, ஆங்கில, இந்திச் சேனல்களுக்காகச் சில ஆயிரம் ரூபாய் செலவழிக்க எத்தனை வீடுகளுக்கு மனம் வரும்? தொழில்நுட்பம் எவ்வளவு உயர்ந்தது என்று பார்த்து யாரும் இணைப்பு வாங்குவதில்லை. 1993 தமிழ்ப் புத்தாண்டில் சன் டிவி தொடங்கிய நாளிலிருந்தே, எது எந்தச் சேனலைக் கொண்டுவருகிறது என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குள் 2006இல் இன்னொரு பெருங்கூட்டம் வந்து சேர்ந்தது. தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியதும், அதுவரை பக்கத்து வீட்டு வாசலில் நின்று பார்த்த குடும்பங்கள் சொந்த டிவிக்கு இணைப்பு தேடின. 2011 செப்டம்பர் 2 அன்று அ.தி.மு.க. அரசு அரசு கேபிளுக்குப் புத்துயிர் கொடுத்து, மாதம் 70 ரூபாய்க்குத் தொடங்கியது. சென்னை நீங்கலான மாவட்டங்களில்தான் அது முதலில் வந்தது, சென்னைக்கு அடுத்த ஆண்டு வந்தது. 2017 செப்டம்பரில் பெட்டிகளையும் இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்தார்கள். மாதச் சந்தா ஒரு தேர்தல் விஷயமாகவே ஆகிப்போன மாநிலம் இது.

இன்று கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் விலை விதிகள் ஒன்றுதான் என்பது பலருக்குத் தெரியாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, முதல் 100 சேனல்களுக்கு நெட்வொர்க் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களுக்கான விலை இதற்கு மேல். 2020இல் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல் என்று மாற்றினார்கள். 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையே நீக்கி, கட்டணத்தை நிறுவனங்களே அறிவிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். ஆகவே இப்போது விலை கேட்காமல் வாங்கக் கூடாது. “மாசம் எவ்வளவு?” என்று மட்டும் கேட்டால் போதாது. நெட்வொர்க் கட்டணம் எவ்வளவு, சேனல்களுக்கு எவ்வளவு, வரி எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். வேண்டாத சேனலை நீக்கிவிட்டுத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை கேபிள் வாடிக்கையாளருக்கும் உண்டு. “பேக்தான் இருக்கு, தனியாத் தர முடியாது” என்ற பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

மாதச் சந்தாவே இல்லாத வழியும் ஒன்று உண்டு. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கி, இப்போது டிடி ஃப்ரீ டிஷ் என்று வழங்குவது. டிஷ்ஷும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும், ரீசார்ஜ் கிடையாது. ஆனால் அதில் வரும் தனியார் சேனல்கள் பெரும்பாலும் இந்தியும் போஜ்புரியும். மக்கள் தேடும் தமிழ் பொழுதுபோக்குச் சேனல்கள் அதில் கிடைப்பது அரிது. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் ஆலைகளில் வேலைபார்க்கும் பீகார், உத்தரப்பிரதேசத் தொழிலாளர்களின் அறைக்கு அது சரியாகப் பொருந்தும், மாலையில் சீரியல் பார்க்கும் தண்டையார்பேட்டைக் குடும்பத்துக்குப் போதாது. இந்தத் தொழிலாளர்கள் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும்போது டிஷ்ஷைக் கழற்றி எடுத்துப்போகலாம் என்பது கூடுதல் வசதி. கேபிள் ஒயரை அப்படி யார் எடுத்துப்போக முடியும்?

பேசின் பிரிட்ஜை ஒட்டிய தெருக்களில் பெரும்பாலான வீடுகளுக்கு இந்தக் கேள்வியின் விடை கம்பெனியின் பெயரில் இல்லை, வீட்டின் அமைப்பிலும் வருமானம் வரும் விதத்திலும் இருக்கிறது. வாரியக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், வடக்கையோ மேற்கையோ பார்த்த ஜன்னல் மட்டும் உள்ள வீட்டில் டிஷ் வைக்க இடமே கிடையாது. மாடியில் வைக்கலாம் என்றால், பொது மாடியிலிருந்து நான்கு தளம் ஒயர் இறக்க வேண்டும். டிஷ்ஷை யாராவது துணி உலர்த்தும்போது அசைத்துவிட்டால் திரும்பச் சரிசெய்ய ஆள் வர வேண்டும், அதற்குத் தனிக் கட்டணமும் கேட்கலாம். வாரக்கூலியில் ஓடும் குடும்பத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. டிடிஎச்சில் ரீசார்ஜ் முடிந்த நாளில் படம் நின்றுவிடும், அதற்குள் பணம் கட்டியாக வேண்டும். தெருவிலேயே இருக்கும் கேபிள்காரரிடம், “அண்ணா, சனிக்கிழமை தரேண்ணா, லைன கட் பண்ணிடாத” என்று சொல்லிப் பார்க்கலாம். நிறுவனத்துக்கு அவர் முன்பணம் கட்டித்தான் நடத்துகிறார் என்றாலும், அந்த நாலு நாளைப் பல ஆபரேட்டர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். அவரும் அதே தெருவில், அதே ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர்தானே. அவருடைய லோக்கல் சேனலில் வரும் பகுதித் திருவிழாவையும் எந்த டிஷ்ஷும் காட்டாது. இப்படிப்பட்ட வீட்டுக்குக் கேபிள்தான் சரி.

சொந்த மாடியும், திறந்த தென்கிழக்கு வானமும், சில மாதச் சந்தாவை மொத்தமாகக் கட்டும் வசதியும் இருந்தால் டிஷ் நல்லது. லைன்மேன் எப்போது வருவார் என்று காத்திருக்க வேண்டாம். சௌகார்பேட்டைபோல் வேறு மொழி பேசும் குடும்பங்கள் அடர்ந்த இடங்களில் கேபிள்காரரே அந்த மொழிச் சேனல்களை வைத்திருப்பார். அப்படியில்லாத தெருவில் தனியாக இருக்கும் ஒரு ஒடியா குடும்பத்துக்கு டிஷ்தான் வழி. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு டிடிஎச் கம்பெனியின் பெட்டி இன்னொன்றுக்கு உதவாது. மாறினால் பழைய பெட்டி பரணுக்குத்தான் போகும்.

டிஷ் வாங்க முடிவு செய்தவர்கள், ஆள் வந்து பார்க்கும் முன்பே தங்கள் வீட்டுக்கு அந்த வானம் தெரியுமா என்று சூரியனை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். மார்ச் 15ஐயும் செப்டம்பர் 29ஐயும் ஒட்டிய நாட்களில், சென்னையிலிருந்து பார்க்கும்போது சூரியன் இந்தச் செயற்கைக்கோள்கள் நிற்கும் புள்ளிகள் வழியாகவே நகர்கிறது. மார்ச்சில் காலை பதினொன்றேகால் வாக்கிலும் செப்டம்பரில் பதினொன்று வாக்கிலும் அது 93.5 பாகைச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் நிற்கும். 108 பாகைக்குப் பத்து மணி வாக்கு, 83 பாகைக்கு நண்பகலை ஒட்டி. அந்த நேரத்தில் டிஷ் வைக்க நினைக்கும் இடத்தில் வெயில் விழுந்தால் அங்கே படம் வரும். பக்கத்து வீட்டுத் தொட்டியின் நிழல் விழுந்தால், இடத்தை மாற்ற வேண்டும். டிஷ் ஏற்கெனவே வைத்திருக்கிறவர்கள் வீட்டில் அந்தச் சில நிமிடங்கள் மேகமே இல்லாமல் படம் உடையும். சூரியனின் அலைகள் செயற்கைக்கோளின் மெல்லிய சிக்னலை அமுக்கிவிடுவதால் வருவது அது. யாரையும் கூப்பிட வேண்டாம், சூரியன் விலகியதும் படம் வந்துவிடும்.