பேராசிரியருக்கு ஒரு கடிதம்

வன்னியிலே ஜேர்மனி என்னும் பெயரைக் கேட்டறியாத வீடு அரிது. எண்பதுகளில் புறப்பட்டுப் போன சிற்றப்பாவோ மாமாவோ வாழும் நாடு அது. ஆயின், ஆய்வு செய்ய விரும்பும் இளைஞருக்குச் சம்பளம் கொடுத்து இடமளிக்கும் நாடும் அதுவே என்ற செய்தி மட்டும் கண்டி வீதியில் எங்கோ தங்கிவிட்டது போலும்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இங்கே பட்டம் பெறுவோருட் பலர், மேனாட்டுக் கல்வி காசுள்ளவர்க்கே உரியதென எண்ணி ஒதுங்கிவிடுகின்றனர். அவ்வெண்ணம் பாதி உண்மை. முதுமாணி கற்கச் செல்பவர், அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றிற் கற்கைக் கட்டணம் இல்லையெனினும், புலமைப்பரிசில் பெறாவிடின் ஓராண்டுச் சீவனத்துக்கான தொகையை முன்னரே வங்கியிலிட்டுக் காட்டல் வேண்டும். 2024 செப்ரெம்பரில் அது 11,904 யூரோவாக உயர்ந்தது. எத்தனை போகம் நெல் விற்று அதனைச் சேர்ப்பது? கலாநிதிப் பட்ட ஆய்வாளர் நிலை வேறு. அவர் பெரும்பாலும் ஒப்பந்தம் பெற்ற ஊழியர். அவரது சம்பளமே அவர் சீவனத்துக்குச் சான்று. அதற்குப் பொதுவாக முதுமாணிப் பட்டம் வேண்டப்படும் என்பதையும் மறைத்தற்கில்லை.

நம் நாட்டில் இசட் புள்ளி பார்த்து மாணவரைப் பங்கிட ஓர் ஆணைக்குழு உண்டு. கலாநிதி ஆய்வுக்கு அங்கே அத்தகைய பொது அலுவலகம் கிடையாது. மாக்ஸ் பிளாங்க் சங்கம் 2000 ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் அனைத்துலக ஆய்வுப் பள்ளிகள் போன்றவை பொது அழைப்பு விடுப்பதுண்டு. ஏனைய இடங்கள் பெரும்பாலும் பேராசிரியர் ஒருவரின் தீர்மானத்தில் உள்ளன. அவரைக் ‘கலாநிதித் தந்தை’ என்றே ஜேர்மானியர் வழங்குவர். இடம் வாங்கித் தருவதாகக் காசு கேட்கும் முகவர் எவரேனும் வந்தால், வாசலோடு அனுப்பிவிடலாம்.

1924 இல் டாக்காவிலிருந்து சத்தியேந்திரநாத் போஸ், முன்பின் பழகாத ஐன்ஸ்டைனுக்குச் சிறு கடிதமொன்றை எழுதினார். போஸுக்குக் கலாநிதிப் பட்டம் இல்லை. கடிதத்தோடு சென்றது சில பக்கக் கட்டுரை. ஐன்ஸ்டைன் அதனைத் தாமே ஜேர்மன் மொழியிற் பெயர்த்து வெளியிடச் செய்தார். அவர் எழுதிய தபாலட்டையைக் கண்டே பல்கலைக்கழகம் போஸுக்கு விடுமுறையும், ஜேர்மன் துணைத்தூதரகம் விசாவும் வழங்கின. போஸின் மேதைமை நமக்கு எட்டாதிருக்கலாம். சான்றிதழ்க் கட்டுக்குப் பதிலாகச் செய்த வேலையை அனுப்பினாரே, அந்த வழி எவர்க்கும் எட்டும்.

வேலைக்குரிய பொருளோ வன்னியெங்கும் கிடக்கிறது. முல்லைத்தீவு மாணவி ஒருத்தி நந்திக்கடலின் உவர்ப்பை ஓராண்டு அளந்து குறித்து வைத்திருப்பாளாயின், வெப்பமண்டலக் கரைகளையும் கண்டற்காடுகளையும் ஆராயும் பிரேமன் நகர லைப்னிட்ஸ் நிலையத்துக்கு எழுத அவளிடம் விஷயம் உண்டு. இரணைமடு நீரை ஆராய்ந்தவர், லைப்சிக்கிலுள்ள ஹெல்ம்ஹோல்ட்ஸ் சூழல் ஆய்வு நிலையத்தை நாடலாம். ஒரு பக்கம் போதும்: அவர்தம் கட்டுரைகளுள் எதனைப் படித்தேன், நான் செய்தது யாது, கேட்பது யாது. ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்புவது வீண். பதில் வாராவிடின் மறுமுறை எழுதுவதிற் குறைவில்லை.

ஆசிரியர்களுக்கும் இதிற் பங்குண்டு. நாம் எழுதும் பரிந்துரைகளில் ‘நல்லொழுக்கமும் பணிவும் உடையவர்’ என்ற வரி தவறாது இடம்பெறும். ஆய்வுகூடத்தில் அம்மாணவர் எந்தக் கருவியைக் கையாண்டார், எங்கே பிழைத்தார், எவ்வாறு திருத்தினார் என்பது இடம்பெறாது. அப்பேராசிரியர் தேடுவதோ பின்னதையே. அவ்வாறு எழுத அரைநாளேனும் செல்லும். பல ஆய்வுப் பள்ளிகளின் விண்ணப்பக் காலம் அங்கே இலையுதிர்காலத்தில், இங்கே மாரி தொடங்கும் வேளையில் முடிவதால், மாணவர் ஆவணி மாதத்திலேயே ஆசிரியரிடம் கேட்டு வைத்தல் நலம்.